கயிற்றைக் கட்டிய பிறகே தவக்குல்: நல்லார்பர் சமவெளிக்குப் புறப்படும் ஒரு பழைய டீசல் வண்டி



பயணத்தின் சட்டங்களுக்கென்று ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. கஸ்ர், ஜம்உ, தயம்மும் ஆகியவற்றை எங்கள் வார இறுதி மத்ரஸாவில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். பிள்ளைகளும் மனனம் செய்து ஒப்பித்து விடுகிறார்கள். ஆனால் அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் தண்ணீர் தீர்ந்துபோகக்கூடிய ஒரு பாதையும், நடுவழியில் விழுந்துவிடக்கூடிய ஒரு வாகனமும் இருக்கின்றன என்பதை நகரத்தில் வளரும் பிள்ளை உணர்வது அரிது. மெல்பர்னில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. பத்து நிமிடத் தொலைவில் பெட்ரோல் நிலையம் இருக்கிறது. சலுகை ஏன் வழங்கப்பட்டது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

இந்த ஆண்டு அந்தப் பாடம் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. பெர்த் நகரில் வாழும் எங்கள் ராத்தாவின் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. எங்களுடன் வசிக்கும் உம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. காயல்பட்டினத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்த விமானப் பயணத்தில் தொடங்கிய காதடைப்பும் தலைச்சுற்றலும் அவரைப் பல மாதங்கள் வாட்டின. அதன்பின் விமானம் ஏறுவதில்லை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மூத்த பேத்தியின் நிக்காஹ்வில் உம்மா இருக்க வேண்டும் என்றால் சாலை வழியேதான் செல்ல வேண்டும்.

எங்களிடம் இருப்பது 1996-ஆம் ஆண்டு மாடல் ஜப்பானிய வண்டி. சிறு பேருந்தாக ஓடிப் பின்னர் மோட்டார் ஹோமாக மாற்றப்பட்டது. ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர் டீசல் இயந்திரம். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மெல்பர்னிலிருந்து அடிலெய்டு, போர்ட் அகஸ்டா, செடுனா, நார்ஸ்மன் வழியாகப் பெர்த் வரை ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். அதில் செடுனாவுக்கும் நார்ஸ்மனுக்கும் இடைப்பட்ட சுமார் 1,200 கிலோமீட்டர்தான் நல்லார்பர் சமவெளியை ஒட்டிச் செல்லும் அயர் நெடுஞ்சாலை. மரமற்றது என்னும் பொருளுடைய லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர் நல்லார்பர். அவ்வழியில் ஊர் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு ஒன்றாக எரிபொருளும் உணவும் தங்குமிடமும் தரும் ரோடுஹவுஸ்கள் மட்டுமே உண்டு. பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் தூரம் சாலையில் ஒரு வளைவுகூட இல்லை.

ஒட்டகத்தை அவிழ்த்து விட்டு இறைவனை நம்புவதா, கட்டிவிட்டு நம்புவதா என்று கேட்ட கிராமவாசிக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த வழிகாட்டுதலை நாம் அனைவரும் அறிவோம். முப்பது வயதை நெருங்கும் ஒரு டீசல் வண்டியில் கயிறு எங்கே இருக்கிறது, எத்தனை முடிச்சுகள் போட வேண்டும் என்பதைத்தான் இந்த இரண்டு மாதங்களாகக் கற்று வருகிறோம். இத்தகைய பயணத்தை எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே பகிர்கிறோம்.

ரசீது இல்லாத பராமரிப்பு

டாண்டினாங் பகுதியில் பணிமனை வைத்திருக்கும் ஆப்கானியச் சகோதரர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் முதலில் கேட்டது சாவியை அல்ல, பழைய ரசீதுகளை. டைமிங் பெல்ட் மாற்றப்பட்டது என்று முந்தைய உரிமையாளர் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார். அதற்கான ரசீது இல்லை. சகோதரர் தலையை அசைத்தார். ரசீது இல்லாத வேலையை நடக்காத வேலையாகவே கொள்ள வேண்டும் என்றார். ஸனது இல்லாத செய்தியை ஆதாரமாக ஏற்கலாகாது என்று மாணவர்களுக்குப் போதிக்கும் எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

டைமிங் பெல்ட் என்பது இயந்திரத்தின் அடிப்பகுதிச் சுழற்சியையும் மேல்பகுதி வால்வுகளையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கும் ரப்பர் பட்டை. எங்கள் வகை இயந்திரத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி அதை மாற்றுவது வழக்கம். அறுவதற்கு முன் அது எந்த ஒலியும் எழுப்பாது. அறுந்த கணத்தில் பிஸ்டனும் வால்வும் மோதி இயந்திரமே பாழாகலாம். ஆகவே பெல்ட்டையும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றினோம்.

அடுத்து டீசல் செல்லும் வழி. பழைய தொட்டியின் அடியில் நீரும் கசடும் தங்கும். டீசலில் நீர் கலந்தால் இன்ஜெக்டர் பம்ப் அரிக்கப்படும். அதனால் நீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வடித்தோம். டீசல் ஃபில்டரை மாற்றினோம். ஃபில்டரை மாற்றியபின் குழாயில் காற்று புகுந்திருந்தால் டீசல் இயந்திரம் கிளம்பாது. கைப் பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். பதினைந்து வயது மகனை மூன்று முறை அதைச் செய்ய வைத்தார் மெக்கானிக் சகோதரர். வழியில் அசுத்தமான டீசல் நிரப்ப நேர்ந்தால் அந்தப் பத்து நிமிட வேலைதான் வண்டியை மீண்டும் ஓட வைக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் மிதியை அழுத்தியும் பிரேக் பிடிக்காமல் போகலாம். எனவே அதையும் முழுமையாக மாற்றினோம். சக்கர பேரிங்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிய கிரீஸ் வைத்தோம்.

டயரின் வயது

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் தயாரானது என்று பொருள். மோட்டார் ஹோம்கள் பெரும்பாலும் நின்றுகொண்டே இருப்பவை. ஆகவே டயர் தேயாமலே முதுமை அடைகிறது. பார்வைக்குப் புதிதாக இருக்கும். ரப்பர் உள்ளுக்குள் இறுகி வெடித்திருக்கும். எங்கள் வண்டியில் இரண்டு டயர்களும் ஸ்டெப்னியும் பத்தாண்டைக் கடந்திருந்தன. ஸ்டெப்னியையும் சேர்த்து மாற்றினோம்.

பின்பக்கம் இரட்டைச் சக்கரங்கள். உட்புற டயரில் காற்று இறங்கினால் வெளிப்புற டயர் பாரம் தாங்குவதால் ஓட்டுநருக்குத் தெரியாது. இரண்டும் உரசிச் சூடேறித் தீப்பற்றும் வாய்ப்பும் உண்டு. ஒவ்வொரு நாளும் ஃபஜ்ருக்குப் பின் அளவுமானி கொண்டு உட்புற டயரையும் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் பயண விதிகளில் ஒன்று.

டயர் மாற்றுவதை வீட்டு முற்றத்தில் ஒருமுறை முழுமையாகச் செய்து பார்த்துவிடுங்கள். கடைகளில் காற்றழுத்தக் கருவியால் இறுக்கப்பட்ட நட்டுகள் கை ஸ்பேனருக்கு மசிவதில்லை. நீளமான இரும்புக் குழாயைக் கைப்பிடியில் மாட்டித்தான் திருப்ப முடிந்தது. சில பழைய ஜப்பானிய வண்டிகளில் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். இதையெல்லாம் சாலை ஓரத்தில், பக்கத்தில் லாரிகள் சீறிப் பாயும்போது கற்றுக்கொள்ள முடியாது.

எடைமேடையில் ஒரு கணக்கு

ஆஸ்திரேலியாவில் சாதாரண கார் உரிமம் 4.5 டன் வரையிலான வண்டிகளுக்கே செல்லும். எங்கள் வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள உச்ச எடை 4,490 கிலோ. தண்ணீரும் டீசலும் நிரப்பி, சாமான்களை ஏற்றி, ஐந்து பேரும் அமர்ந்து எடைமேடையில் நிறுத்தினோம். 4,630 காட்டியது.

140 கிலோவை இறக்க வேண்டும். மிகையான எடையில் பிரேக்கும் டயரும் ஸ்பிரிங்கும் தம் வரம்பைத் தாண்டி உழைக்கின்றன. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிரிக்கக்கூடும். இரண்டாவது எரிவாயு உருளை, மடக்கு மேசை, கருவிப் பெட்டியில் ஒரே அளவில் இரண்டாக இருந்தவை, எங்கள் கிதாபுப் பெட்டி ஆகியவை இறங்கின. கடைசியாக உம்மாவின் தேக்சா. ஊரிலிருந்து கொண்டுவந்த, நூறு பேருக்கு நெய்ச்சோறு ஆக்கும் பாத்திரம் அது. பேத்தியின் நிக்காஹ்வுக்கு அதில்தான் ஆக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சீர் சாமான்களுடன் அதுவும் சரக்கு லாரியில் முன்கூட்டியே பெர்த்துக்குச் சென்றுவிட்டது. இரண்டாம் முறை எடைமேடை 4,455 காட்டியது.

தண்ணீரும் ஒளூவும்

எங்கள் தொட்டி 120 லிட்டர் கொள்ளும். நல்லார்பர் வழியில் தண்ணீர் அரிது. ரோடுஹவுஸ்களில் டீசல் கிடைக்கும், ஆனால் தொட்டியை நிரப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்கலாகாது. செடுனாவில் நிரப்பினால் நார்ஸ்மன் வரை அதுவே கணக்கு.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் வரும் செய்தி. இன்றைய அளவில் அது முக்கால் லிட்டருக்கு மேற்படாது. வீட்டில் குழாயைத் திறந்து வைத்து ஒளூச் செய்யும் பிள்ளைகள் எத்தனை லிட்டர் செலவிடுகிறார்கள் என்று வாளி வைத்து அளந்து பார்த்தோம். ஐந்து லிட்டரைத் தாண்டியது. பின்னர் முக்கால் லிட்டர் குவளை ஒன்றைக் கொடுத்துப் பத்து நாள்கள் அதிலேயே ஒளூச் செய்யப் பழக்கினோம். பதினொரு வயது மகள் முதல் நாளில் இடது கால் மீதமிருக்கக் குவளையைத் தீர்த்துவிட்டாள். நான்காம் நாளில் கொஞ்சம் மிச்சப்படுத்திக் காட்டினாள்.

ஐந்து பேர், நாளுக்கு மூன்று ஒளூ, ஒவ்வொன்றுக்கும் முக்கால் லிட்டர் என்றால் சுமார் 11 லிட்டர். குடிப்பதற்கு 20 லிட்டர், சமைக்கவும் கழுவவும் 9 லிட்டர். ஆக நாளொன்றுக்கு 40 லிட்டர். தொட்டி மூன்று நாள்களுக்குப் போதும். அதற்கு அப்பால் 20 லிட்டர் கேன் ஒன்றைத் தனியே கட்டியிருக்கிறோம். அதைத் தொடும் நிலை வந்தால் அது குடிப்பதற்கும் வண்டிக்கும் மட்டுமே. அப்போது ஒளூவுக்குப் பதில் தயம்மும். குடிநீருக்குத் தேவை இருக்கும்போது தயம்மும் செய்வது குறைபாடல்ல. மார்க்கம் வகுத்துத் தந்த வழி.

நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவதால் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் அனுமதியைப் பயன்படுத்துவோம். ஹனஃபி சகோதரர்கள் கஸ்ர் செய்து, லுஹரை அதன் இறுதியிலும் அஸரை அதன் தொடக்கத்திலும் தொழுமாறு நிறுத்தங்களை அமைத்துக்கொள்ளலாம். இரண்டு முறைக்கும் ஓட்டுநருக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது கூடுதல் நன்மை.

தொழுகை நேரத்தைக் கடிகாரத்தை நம்பிக் கணிக்க முடியாத வழி இது. தென் ஆஸ்திரேலியா விக்டோரியாவைவிட அரை மணி நேரம் பின்தங்கியது. எல்லையைத் தாண்டினால் யூக்லா முதலிய சிற்றூர்கள் மேற்கு ஆஸ்திரேலிய நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முந்திய தமக்கே உரிய ஒரு நேரத்தைக் கைக்கொள்கின்றன. ஆகவே நிழலைப் பார்த்து லுஹரையும், அடிவானைப் பார்த்து மஃரிபையும் அறிவதை மகனுக்கும் மகளுக்கும் கற்பித்தோம். கிப்லா அங்கே மேற்கிலிருந்து சற்றே வடக்கே சாய்ந்தது. சாலையோ மேற்கு நோக்கியது. போகும் வழியெல்லாம் ஏறக்குறையக் கிப்லாவை முன்னோக்கியே வண்டி ஓடும் என்றபோது உம்மாவின் முகம் மலர்ந்தது.

இன்சுலினும் உணவும்

உம்மா இன்சுலின் எடுப்பவர். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தலாகாது. வண்டியின் குளிர்பெட்டிக்குள் தனி வெப்பமானி வைத்து ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்தோம். குளிர்த்தகட்டை ஒட்டிய இடம் இரவில் சுழியத்துக்குக் கீழே செல்வது தெரிந்தது. மருந்துப் பெட்டியைக் கதவுப் பக்கம் மாற்றினோம். குளிர்பெட்டி வீட்டு மின்கலத்தில் ஓடுவதால், வண்டியைக் கிளப்பும் மின்கலத்தை அது தீண்டாதபடி இரண்டையும் பிரித்து, கூரைச் சூரியத் தகட்டின் இணைப்புகளைப் புதுப்பித்தோம். மருந்தகரின் ஆலோசனைப்படி குளிரூட்டும் கைப்பை ஒன்றும் உடன் வருகிறது. உம்மாவின் மருத்துவர் மருந்துச் சீட்டின் பிரதியும் இரண்டு வாரத்துக்கான கூடுதல் மருந்தும் தந்திருக்கிறார்.

ரோடுஹவுஸ்களில் ஹலால் உணவை எதிர்பார்க்க இயலாது. கொத்துக்கறியைச் சமைத்து உறைய வைத்திருக்கிறோம். அரிசி, பருப்பு, கருவாடு, ரவை, பேரீச்சை போதும். மாநில எல்லையில் வேளாண் சோதனைச் சாவடி உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழங்கள், பச்சைக் காய்கறிகள், தேன் முதலியவற்றைக் கொண்டுபோக விடமாட்டார்கள். உம்மாவின் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் எல்லைக்கு முன்பே தாளிப்பிலும் ஊறலிலும் தீர்ந்துவிட வேண்டும்.

தொடர்பு

நெடுந்தூரத்துக்குக் கைப்பேசி சமிக்ஞை இராது. லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் நாற்பதாம் அலைவரிசையைக் கேட்க யுஎச்எஃப் ரேடியோ பொருத்தினோம். உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் மட்டும் அழுத்துவதற்காக, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் அவசரக் கருவி ஒன்றை எங்கள் பெயரில் பதிவு செய்து வாங்கினோம். அந்தச் சாலையின் சில பகுதிகளே பறக்கும் மருத்துவர் சேவையின் விமானங்கள் இறங்கும் ஓடுதளமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதை அறிந்தபோது உம்மாவைப் பற்றிய கவலை சற்றுத் தணிந்தது. கங்காரு, எமு, ஒட்டகம் ஆகியவை அந்தியில் சாலைக்கு வருவதால் மஃரிபுக்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டியை நிறுத்திவிடுவது என்பது மாற்ற முடியாத விதி.

அந்த ஒட்டகங்களுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1860-களிலிருந்து ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து முதலிய பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம் ஒட்டக ஓட்டிகள்தாம் இந்நாட்டின் உள்நிலப் பாலைகளில் உணவும் தண்ணீரும் தபாலும் சுமந்தவர்கள். இன்று காட்டில் திரிபவை அவர்களுடைய ஒட்டகங்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் 1888-89-இல் அடிலெய்டில் எழுப்பிய பள்ளிவாசலில் இன்றும் ஜும்ஆ நடைபெறுகிறது. கழுத்து மணி, சேணம், பாதம் என்று ஒவ்வொன்றையும் இரவில் தடவிப் பார்த்துவிட்டுத் தூங்கிய மனிதர்களாகவே அவர்களை எண்ணிக்கொள்கிறோம்.

பொடியா, குழாயா?

புறப்பாட்டுக்குப் பத்து நாள்கள் முன்பு, முழுச் சுமையுடன் ஹால்ஸ் கேப் மலைப்பகுதிக்கு இரண்டு நாள் சோதனைப் பயணம் சென்று வந்தோம். வண்டி ஏற்றத்தில் சோர்வின்றி ஏறியது. வெப்பமானி முள் அசையவில்லை. வீடு திரும்பி, இயந்திரம் ஆறியபின் பார்த்தபோது கூலன்ட் ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது.

மெக்கானிக் சகோதரர் அழுத்தச் சோதனை செய்தார். ரேடியேட்டரில் குறையில்லை; மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் புதியவை. வண்டியின் பின்பகுதி வெப்பமூட்டிக்குத் தளத்தின் அடியே நீண்டு செல்லும் இரும்புக் குழாயில், தாங்கி பிடித்திருக்கும் இடத்தில் துரு தின்று ஊசிமுனைத் துளைகள். யார் கண்ணுக்கும் படாத இடம். கூலன்ட் முழுவதும் ஒழுகிவிட்டால் வெப்பமானியின் உணரியைச் சுற்றி நீரே இராது. அப்போது முள் உயராமலே இருக்கக்கூடும். இயந்திரம் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

புதுக் குழாயை வளைத்துச் செய்து பொருத்த நான்கு நாள்கள் கூடுதலாகும் என்றார். ஜும்ஆ முடிந்து வெள்ளியன்று புறப்படுவது எங்கள் திட்டம். நிக்காஹ் அதற்கு இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை. நான்கு நாள்களை இழந்தால் வழியில் தாராளமாக வைத்திருந்த ஓய்வு நாள்கள் எல்லாம் போய்விடும்.

பெர்த்திலிருந்து மச்சான் தொலைபேசியில் பேசினார். கசிவை அடைக்கும் பொடியை ரேடியேட்டரில் ஊற்றினால் போதும். ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். தவக்குல் வைத்துப் புறப்படுங்கள் என்றார். மகளின் நிக்காஹ்வுக்கு மாமி வந்து சேர வேண்டுமே என்ற பரிவில் வந்த பேச்சு அது. மெக்கானிக் சகோதரரிடம் கேட்டோம். ஊசித்துளையை அடைக்கும் பொருளுக்கு ரேடியேட்டரின் நுண்குழாய் எது, துளை எது என்று பிரித்தறியத் தெரியாது என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு வீட்டில் கலந்து பேசினோம். முடிவெடுக்கும் சுமையை உம்மாவின் மீது வைக்கலாகாது என்று எண்ணியிருந்தோம். அவரோ தஸ்பீஹைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே சொன்னார்: "நா இல்லாட்டியும் நிக்காஹ் நடக்கும். வலியும் சாட்சியும் இருந்தாப் போதும். நடுரோட்டுல புள்ளைங்களோட நீங்க நின்னா, நா யார்ட்ட போய் நிப்பேன்?"

பேத்தியின் நிக்காஹ்வை விட்டுக்கொடுக்கத் தயாரான உம்மாவின் அந்தச் சொல்லுக்குப் பிறகு பேச ஏதுமில்லை. குழாயை மாற்றினோம். கூலன்ட் அளவு குறைந்தால் ஒலியெழுப்பும் எச்சரிக்கைக் கருவியையும் பொருத்தினோம். மூடியின் கீழே நீர் இறங்கிய மறுகணமே அது கூவும். மீண்டும் முழுச் சுமையுடன் இருநூறு கிலோமீட்டர் ஓட்டினோம். ஒரு துளி குறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தவக்குல் என்ற சொல்லை நம்மில் பலர் வேலை முடியாத இடத்தில் போடும் ஒட்டாகப் பயன்படுத்துகிறோம். குழாய் ஒழுகும்போது அதைச் சொல்கிறோம். டயர் தேய்ந்திருக்கும்போது சொல்கிறோம். வண்டியில் அமர்பவர்களின் உயிர் ஓட்டுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தில் நம்மால் இயன்றதைச் செய்யாமல் விட்டுவிட்டு, மீதியை இறைவனிடம் ஒப்படைத்தோம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவில், இது நம் வலிமையால் வசப்பட்டதல்ல என்னும் ஒப்புதல் இருக்கிறது. பெல்ட்டையும் ஹோஸையும் கையால் தொட்டுப் பார்த்த பின் அந்த ஒப்புதல் எங்களுக்கு இன்னும் உறுதியாகப் புரிகிறது. எத்தனை சிறிய பொருள்கள் ஒன்றாக ஒத்துழைத்தால் ஒரு சக்கரம் சுழல்கிறது!

ஆயத்தத்தின் கடைசிப் பகுதி கருவிப் பெட்டியில் இல்லை. திரும்பிவிடத் தயாராக இருப்பதுதான் அது. ஆகவே ஓர் எல்லைக் கோட்டை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். அடிலெய்டில் வியாழன் முழுவதும் நின்று வண்டியைச் சோதிப்போம். அங்கோ, பின்னர் செடுனாவிலோ கூலன்ட் குறைந்தாலும், பிரேக்கில் மாற்றம் தெரிந்தாலும், உம்மாவின் சர்க்கரை அளவு கட்டுக்கு மீறினாலும் மேற்கே செல்ல மாட்டோம். நிக்காஹ்வை அங்கிருந்தே காணொளியில் பார்ப்போம். சாலையில் நின்று, களைப்பிலும் ஆசையிலும் எடுக்கும் முடிவைவிட, வீட்டில் அமைதியாக மஷூரா செய்து எடுத்த முடிவுக்குக் கட்டுப்படுவது எளிது. ராத்தாவிடமும் மச்சானிடமும் இதை இப்போதே சொல்லிவிட்டோம். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

உதிரிப் பொருள்களின் பட்டியலைக் கேட்டிருந்த சகோதரிகளுக்காக: விசிறி பெல்ட் ஒரு தொகுதி, ரேடியேட்டர் ஹோஸ் இரண்டு, டீசல் ஃபில்டர் இரண்டு, கூலன்ட் பத்து லிட்டர், இயந்திர எண்ணெய் ஐந்து லிட்டர், ஹோஸ் கிளாம்புகள், தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் நாடா, ஃபியூஸ்கள், இரும்புக் கம்பி, நல்ல டார்ச் விளக்கு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. எரிவாயுக் கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் உணர்த்தும் ஒலிப்பான்கள் படுக்கைப் பகுதியில் கட்டாயம் வேண்டும்.

இன்ஷா அல்லாஹ், வரும் செவ்வாய் ஃபஜ்ருக்குப் பின் புறப்படுகிறோம். ஓட்டும் நாள்கள் ஒன்பது, அடிலெய்டில் சோதனைக்கு ஒரு நாள், பெர்த்தில் மிச்சம் ஒரு நாள். பயணிகளின் துஆ ஏற்கப்படும் என்பது நாம் அறிந்ததே. வழியெங்கும் உங்களை நினைவுகூர்வோம். வீட்டில் இருக்கும் நீங்களும் உம்மாவின் ஆரோக்கியத்துக்காகவும், புதிதாக வாழ்வைத் தொடங்கும் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள். யா அல்லாஹ், நீ எங்களிடம் ஒப்படைத்த உயிர்களைப் பேணும் கவனத்தையும், போக வேண்டாத இடத்தில் நின்றுவிடும் மனத்தையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.